மாப்பிள்ளை எழுதிய கண்ணீர்க் கடிதங்கள்

பெண்டாட்டியைப் பேனாவாலேயே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவது என்று தம்பிதுரை சபதம் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அப்போது அவர் முன்னால் அடிப்பிடித்த உப்புமா இருந்தது. செய்தவரும் அவரே.

அவர் மனைவி குழந்தையம்மாள், அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம் போனவள். நாலு நாள் என்று சொல்லித்தான் போனாள். அன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு மருதாசலம் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏனுங்க தம்பிதுரை, ஒரு எட்டுப் போய்க் கூட்டிட்டு வந்துருங்களேன். பஸ்ஸுதான் ஓடுதுங்களே?"

"நானுங்களா? மாமனார் ஊட்டு வாசல்ல போய், பொண்டாட்டியக் குடுங்கன்னு நிக்கறதா? கூட்டிட்டுப் போன மச்சான்தானுங்க கொண்டாந்து உடோணும். அதுதான் மொறை."

"மொறை சரீங்க. சோத்துக்கு?"

"எழுதறனுங்க. நாலு பக்கம் எழுதுனாப் போதும். அஞ்சாம் பக்கத்துக்கு அவளே பஸ் ஏறிருவா."

தம்பிதுரை மில் ஆபீஸில் குமாஸ்தா. ஆனால் அது வயிற்றுக்கு. மற்றபடி அவர் எழுத்தாளர். ஒரு வாரப் பத்திரிகையில் இரண்டு கதைகள் வந்திருந்தன. அந்த இரண்டையும் அவர் குடியிருந்த ஆர்.எஸ்.புரத்தில் படிக்காத ஆள் கிடையாது, அவர் விட்டால்தானே! எழுத்தைப் பற்றி அவருக்குத் திட்டவட்டமான கொள்கைகள் உண்டு. சோகத்துக்கு நீள வாக்கியம். கோபத்துக்குக் குட்டை வாக்கியம். காதலுக்கு மயில். எதையும் நேராகச் சொல்லிவிடக் கூடாது. நேராகச் சொல்வது தந்திக்காரன் வேலை.

முதல் கடிதம், "என் இதயத் தடாகத்தின் ஏகாந்தத் தாமரையே!" என்று ஆரம்பித்தது. முதல் வாக்கியம் ஒன்றரைப் பக்கம் ஓடியது. இரண்டு மயில், ஒரு சக்கரவாகப் பறவை, முழு நிலவு ஒன்று. முடித்ததும் செம்பிலிருந்து விரலால் தண்ணீர் எடுத்து அங்கங்கே தெளித்தார். கண்ணீர்! ஓரிடத்தில் கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. நிலவு கரைந்தே போயிற்று.

நாலாம் நாள் முக்காலணாக் கார்டில் பதில் வந்தது. 'இங்கே யாவரும் சுகம். பானையிலுள்ள புளியை வெயிலில் போடவும். கடுதாசி வந்தது. அடுத்தது எப்போது வரும்?'

தம்பிதுரை கார்டைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு ஓடினார்.

"பாத்தீங்களா! அடுத்தது எப்பன்னு கேக்கறா. துடிக்கறாங்க, துடிக்கறா!"

மருதாசலம் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கென்னமோ புளிதானுங்க தெரியுது."

"அதெல்லாம் மேல்பூச்சுங்க. உள்ளே என்ன இருக்குதுன்னு எழுத்தாளனுக்குத்தான் தெரியும்."

இரண்டாவது கடிதம் கோபம். "போதும். பொறுத்தேன். இனி இல்லை. எரிமலை. நான்." இப்படியே இரண்டு பக்கம். முற்றுப்புள்ளி வைத்த வேகத்தில் காகிதம் பல இடங்களில் ஓட்டை. பதில் வந்தது: 'கடுதாசி ரொம்பச் சின்னதாய்ப் போய்விட்டது. அடுத்ததைப் பெரிதாக எழுதவும். பின்கதவுத் தாழ்ப்பாளை மறக்க வேண்டாம்.'

"இன்னும் வேணுமாம்! உருகிட்டாங்க!" என்றார் தம்பிதுரை. மருதாசலம் உள்ளே போய், ஒரு கிண்ணத்தில் ரசம் கொண்டுவந்து கொடுத்தார்.

இருபத்திரண்டாம் நாள் மூன்றாவது கடிதம். மரணப் படுக்கை. இடது கையால் எழுதினார், எழுத்து நடுங்க வேண்டும் அல்லவா? வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. "தண்ணீர்... யாரங்கே... ஓ... யாரும்... இல்லையே..." என்று எழுதியபோது தலை நிமிர்ந்து பார்த்தார். அடுப்பு அணைந்து கிடந்தது. அவள் போட்டுவிட்டுப் போன பழைய சேலை கொடியில் அப்படியே தொங்கியது. வீட்டில் நிஜமாகவே யாரும் இல்லை. அந்தக் கடிதத்துக்குச் செம்புத் தண்ணீர் தேவைப்படவில்லை.

தபாலில் போட்டு மூன்று நாள் பொறுத்தார். கார்டு வரவில்லை. நாலாம் நாள் முறையாவது மண்ணாங்கட்டியாவது என்று பஸ் ஏறிவிட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் மச்சான் பாலுசாமியின் வீட்டை நெருங்கினார். வாசல் நிறையக் கூட்டம். எல்லார் முகத்திலும் துக்கம். கூட்டத்தை விலக்கி எட்டிப் பார்த்தார்.

நடுவில் குழந்தையம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கையில் காகிதம். இருமினாள். அச்சு அசலாக அவரைப் போலவே இருமினாள். "தண்ணீர்... யாரங்கே..." என்று குரல் நடுங்கப் படித்தாள். பண்ணையத்தில் வேலை பார்க்கும் முத்தாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், நல்ல மனுசன்."

"அம்மணி, அந்தத் தண்ணி கேக்கற எடத்தை இன்னொருக்காப் படி" என்றார் பாலுசாமி. அப்போதுதான் தலையைத் திருப்பினார். "அட, மாப்பிள்ளை! வாங்க, வாங்க! ஏனுங்க, இன்னும் சாகலீங்களா?"

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் மனைவியைத் தனியே பிடித்தார் தம்பிதுரை.

"என்ற மானத்தை இப்படி வாசல்ல வெச்சுக் கூறு போட்டுட்டயே!"

"கோவிச்சுக்காதீங்க. உங்க மொத கடுதாசி வந்த அன்னைக்கு நான் பொட்டி கட்டி வெச்சிருந்தனுங்க. அண்ணன் வண்டி பூட்டப் போயிட்டாரு. சரி, அவசரமா வரச் சொல்லி எழுதியிருப்பீங்கன்னு பிரிச்சேன். மயிலு வந்துச்சு. நிலா வந்துச்சு. என்னமோ ஒரு பட்சி கூட வந்துச்சு. 'அம்மணி, வந்துரு'ங்கற ஒரு சொல்லு வரலீங்க. பொட்டியப் பிரிச்சுப்போட்டேன்."

"அது... எல்லாத்துக்கும் உள்ளாற இருந்துச்சு."

"உள்ளாற இருந்தா எனக்கெப்படீங்க தெரியும்? சரி, அடுத்த கடுதாசில வரும்னு பாத்தேன். எரிமலை வந்துச்சு. அதுக்குள்ள ஊரே உக்காந்து கேக்க ஆரம்பிச்சிருச்சு."

தம்பிதுரை மாட்டைப் பார்த்தார். வைக்கோலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கொள்கையெல்லாம் எங்கோ போயிருந்தது.

"நீ இல்லாம சோறு எறங்கல அம்மணி. ஊட்டுக்குள்ள போகவே புடிக்கல. வந்துரு."

குழந்தையம்மாள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "இதைய ஒரு கார்டுல எழுதியிருந்தா அன்னைக்கே வந்திருப்பனுங்களே" என்றாள். பெட்டி கட்ட உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் பாலுசாமி வழிமறித்தார். "தங்கச்சியக் கூட்டிட்டுப் போங்க மாப்பிள்ளை, வேண்டாங்கல. ஆனா கடுதாசி நிக்கப்படாது. ஊரு சனம் பொழுது சாஞ்சா வாசல்ல வந்து உக்காந்துக்குது. கடுதாசி வரலீன்னா, சீரோட வந்து இவளைத் திரும்பக் கூட்டியாந்துருவேன். பொறந்த ஊட்டு மொறை, நீங்க தட்ட முடியாது."

தம்பிதுரை ஒப்புக்கொண்டார். வேறு வழி?

ஊர் திரும்பியதும் மருதாசலத்திடம், "எழுத்தாலதானுங்க கூட்டிட்டு வந்தேன்" என்று மார்தட்டினார். அன்று கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, நெய். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். ஒரு தூக்கம் போட்டு எழுந்து, வெற்றிலையை மென்றபடி கடிதம் எழுத உட்கார்ந்தார். பிரிவு, விரகம், வேதனை. இரண்டு பக்கம் எழுதுவதற்குள் நாலு ஏப்பம் வந்தது.

குழந்தையம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எழுதியதை வாங்கி மேலிருந்து கீழ் வரை படித்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"ஏனுங்க, இதுல அழுகையே வரலீங்களே. நான் வேணா ஒரு பத்து நாள் ஊருக்குப் போயிட்டு வரட்டுங்களா?"