கச்சான் சரையில் வந்தவன்

விளக்குக் கம்பத்திலிருந்து இறங்கி வந்த ஒளியன், வாசுகியின் கையைப் பிடிக்கப் போன இடத்தில் பக்கம் முடிந்துவிட்டது. மீனாம்பிகை ரீச்சர் கச்சான் கடலையை மடியில் கொட்டிவிட்டு, அதைச் சுற்றியிருந்த சரைக் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மிச்சத்தைக் காணோம்.

"அறுவான், பிடிச்சானோ இல்லையோ?" என்று சோற்றுப் பானையிடம் கேட்டார்.

கொழும்புத்துறையில் அவ்வளவு பெரிய வீட்டில் ரீச்சர் தனியாள். தம்பிமார் கனடாவில். தாயும் தகப்பனும் சுவரில். சண்டையில் கரண்ட் போய் எத்தனையோ காலம். றேடியோவுக்குப் பற்றரி கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மறுநாள் காலைவரை ஒரு மனிசக் குரல் கேட்காது. பிறகு பானையோடு கதைக்காமல் என்ன செய்வார், பாவம்?

அந்த நேரத்தில்தான் சந்திக் கிறகோரியின் கச்சான் சரையில் இந்த நாவல் பக்கம் பக்கமாக வந்து மாட்டியது. தூரத்துக் கொழும்பில் ஒரு தெருவிளக்கில் குடியிருக்கும் ஒளியன் வாசுகியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான். அதை நம்புகிற ஒரே ஆள் அவளுடைய சிநேகிதி ரோசி. இப்போது நகரசபை அந்தக் கம்பத்தைப் பிடுங்கப் போகிறது. பிடுங்கினால் ஒளியன் இருப்பானா, போய்விடுவானா? கணக்குப் படிப்பிக்கிற ரீச்சருக்கு இதைவிடப் பெரிய கணக்கு உலகத்தில் இல்லை.

"கிறகோரி, அந்தப் புத்தகத்தை முழுசாத் தாருமன்."

"தந்திட்டு, கச்சானைக் கையிலையோ அள்ளிக் குடுக்கிறது? கடதாசித் தட்டுப்பாடு தெரியாதோ ரீச்சர்?" கிறகோரி நிமிர்ந்தும் பார்க்காமல் சட்டி மணலைக் கிளறினார்.

ரீச்சர் விடவில்லை. மறுநாள் பழைய சோதனைத் தாள் கட்டு ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டார்.

"இதிலை சுத்தும். புத்தகத்தைத் தாரும்."

"நல்லது ரீச்சர். ஆனா அது ஒற்றை ஒற்றையாக் கழண்டு கலைஞ்சு போச்சு. தேடித் தேடித்தான் தரவேணும்."

அதோடு சனியன் பிடித்தது. அந்தக் கிழமையே பொன்னம்பலம் சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு, சரையும் கையுமாக வந்து நின்றார்.

"என்ரை மகன் கணக்கிலை சைபர் எடுத்தது பெத்த எனக்குத் தெரியாது. சந்தியிலை கச்சான் திண்ட ஆக்களுக்கெல்லாம் தெரியும்!"

அவரைச் சமாளித்து அனுப்ப, இன்னொரு பிள்ளையின் தாய் இராசாத்தி வந்தார். பிறகு பள்ளிக்கூட அதிபர் கூப்பிட்டு, மரியாதையாகவே, நல்லாய்க் கிழித்தார்.

பக்கங்களாவது ஒழுங்காக வந்தனவா? அதுவும் இல்லை. இன்றைக்கு வாசுகி பிரிவு தாங்காமல் அழுவாள். நாளைக்கு அவனை முதன்முதலாகப் பார்த்துப் பயந்து ஓடுவாள். ரீச்சருடையது பித்த உடம்பு. கச்சான் கண்ணிலும் காட்டக் கூடாது. ஆனாலும் பின்னேரமானால் கால் தானாகச் சந்திக்குப் போய்விடும்.

ஒருவழியாக எல்லாம் வந்து சேர்ந்தன, கடைசிப் பக்கம் ஒன்றைத் தவிர. அதை வேறு ஆரோ கொண்டுபோயிருக்க வேண்டும் என்று, ரீச்சர் வீடு வீடாக இறங்கிவிட்டார்.

"தங்கமுத்து, உங்கடை வீட்டிலை கச்சான் திண்ட சரை கிடக்கோ? எண்ணெய் பிரண்டிருந்தாலும் பறவாயில்லை."

தங்கமுத்து ரீச்சரை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய் ஒரு தட்டு நிறையப் புட்டும் சம்பலும் கொண்டுவந்து வைத்தார். "முதலிலை சாப்பிடுங்கோ ரீச்சர். கஷ்டமெண்டா எங்களிட்டைச் சொல்லுறதுக்கென்ன?"

ஊரெல்லாம் அலைந்து பொறுக்கிய சரைகளை வீட்டில் விரித்தால், அத்தனையும் அவருடைய சோதனைத் தாள்கள். எல்லாவற்றிலும் அவர் போட்ட சிவப்புப் பிழைகள். ரீச்சருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கதைக்கு அழுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் பின்னேரத்தில் வந்துபோக அவருக்கு இருந்தது அந்த ஒளியன் ஒருவன்தானே. அவன் இருந்தானா போனானா என்று தெரியாமல் எப்படி நித்திரை கொள்வது?

மறுநாள் சந்தியில் கிறகோரியைக் காணவில்லை. தமக்கை லூர்த்தம்மா கச்சான் வறுத்துக்கொண்டிருந்தார்.

"தம்பிக்குக் காய்ச்சல்" என்றார்.

"அக்கா, அந்தக் கதையின்ரை கடைசிப் பக்கத்தை ஆருக்குச் சுத்திக் குடுத்தவர் எண்டு தெரியுமோ? ஊர் முழுக்கத் தேடிட்டன். ஒருத்தரிட்டையும் ஒரு பக்கம்கூட இல்லை."

லூர்த்தம்மா அகப்பையை வைத்துவிட்டு, முகத்து வேர்வையைத் துடைத்தார்.

"எப்பிடி இருக்கும்? அந்தப் புத்தகத்திலை அவன் உங்களுக்கு மட்டும்தானே சுத்தினவன். கடைசிப் பக்கம் அவன்ரை தலைமாட்டிலை கிடக்கு, ரீச்சர். அதைத் தந்தா நீங்கள் பிறகு இந்தப் பக்கம் வரமாட்டியளாம்."