எல்லாருக்கும் இரண்டாவதாகப் பிடித்தவர்

தேர்தலில் நிற்கிறவரை உங்களுக்குத் தெரியும். அவருக்குப் பின்னால் நின்று மாலை எடுத்துக் கொடுக்கிறவரையும் தெரியும். யார் ஜெயித்தாலும் எனக்கென்ன என்று சொல்லிவிட்டு, கடைசி வாக்கு எண்ணப்படும்வரை தொலைக்காட்சியை விட்டு நகராதவர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். ஆனால் தேர்தல் முறையையே திருத்த வந்தவர் என்று ஓர் இனம் உண்டே, அதைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் மறந்திருக்க மாட்டீர்கள். அவரிடமிருந்து தப்பிக்க நீங்கள் சொன்ன பொய் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும்.

அமெரிக்காவில், எங்கள் மின்னசோட்டா பக்கத்தில் ஊருக்கு ஒருவர் உண்டு. வெஸ்டர்லண்ட் நகரத்துக்கு வாய்த்தவர் டாக்டர் லோவல் ஹௌகன். பல் மருத்துவர். இந்த இனத்துக்கு இதைவிடத் தோதான தொழில் இருக்க முடியுமா? வாய் பிளந்தபடி, கன்னத்தில் பஞ்சு, கழுத்தில் காகித விரிப்பு, பாதி நாக்கு மரத்து, மல்லாந்து கிடக்கிற ஒரு மனிதனிடம், "ஒருத்தருக்கு மட்டும் ஓட்டுப் போடாதீங்க, பிடிச்ச வரிசையில ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போடுங்க, யாருக்கும் பாதிக்கு மேல வரலைன்னா கடைசியில இருக்கறவரை வெளிய அனுப்பிட்டு, அவருக்கு விழுந்த ஓட்டையெல்லாம் அந்தந்த ஆளோட ரெண்டாவது விருப்பத்துக்கு மாத்தணும்" என்று அவர் விளக்கும்போது, அந்த மனிதன் "ஆ" என்பான். டாக்டர் அதை ஆதரவு என்று எழுதிக்கொள்வார்.

அவர் வீட்டிலும் இதே கதைதான். மனைவி மார்னி ஒருநாள் கேட்டாள்.

"பீட்சாவா, சூப்பா?"

"மூணாவதா ஒண்ணு சொல்லு மார்னி. ரெண்டை வச்சு வரிசை போடுறதுல அர்த்தமே இல்ல."

"மூணாவது, நீயே சமைச்சுக்கறது."

அந்த வேட்பாளர் முதல் சுற்றிலேயே விலக்கப்பட்டார்.

டோனட் கடை வாசலில் மேசை போட்டு, எந்த டோனட் சிறந்தது என்று வழிப்போக்கர்களை வரிசைப்படுத்தச் சொல்வது இந்த இனத்தின் பண்டிகைச் சடங்கு. டாக்டர் ஆறு வருஷமாக அதை நடத்தினார். பல் மருத்துவர் டோனட் விநியோகிப்பதில் ஏதோ உள்நோக்கம் இருப்பதாகச் சிலர் சந்தேகப்பட்டார்கள், அது அநியாயம். அந்த மனிதருக்குத் தன் தொழில் மறந்து வெகுநாளாகியிருந்தது.

ஆறு வருஷத்தில் அவரோடு சேர்த்துப் பதினோரு பேர் ஆனார்கள். அந்தக் குழுவுக்கு 'சீரான, செவ்வையான, பொறுப்பான வாக்குக்கான வெஸ்டர்லண்ட் அண்டை அயலார்' என்று பெயர். பதினான்கு பெயர்களை வரிசைப்படுத்தி, மூன்று வாரம் எண்ணிக் கண்டுபிடித்த பெயர். இந்தப் பெயரை முதலாவதாக விரும்பியவர் இரண்டே பேர். டாக்டர் அதை முறையின் வெற்றி என்றார்.

போன மே மாதம் காற்று திசை மாறியது. இந்த முறை நகரத்துக்கு வேண்டுமா என்ற கேள்வியை நவம்பர் வாக்குச்சீட்டில் சேர்ப்பதா இல்லையா என்று செவ்வாய்க்கிழமை முடிவெடுப்பதாக நகர மன்றம் அறிவித்தது. ஏழு உறுப்பினர்கள். ஆதரித்துப் பேச ஒருவர், எதிர்த்துப் பேச ஒருவர், ஆளுக்கு மூன்று நிமிடம்.

மூன்று நிமிடம் என்றால் உங்களுக்கும் எனக்கும் ஒரு முட்டை அரைவேக்காடாகிற நேரம். டாக்டருக்கு அது ஆறு வருஷம். அந்த மூன்று நிமிடத்தை அவர் குளிக்கும்போது பேசினார், புல் வெட்டும்போது பேசினார், கடைவாய்ப் பல் பிடுங்கும்போது பேசினார். சீப்பு எடுத்து மீசையை வாரிக்கொண்டு கண்ணாடி முன்னால் பேசினார். அவர்தான் பேசப் போகிறார் என்பதில் குழுவில் யாருக்காவது சந்தேகம் இருந்ததா? இல்லை. அவரே வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் விஷயம் அப்படியே முடிந்திருக்கும்.

"யார் பேசறதுங்கறதை நம்ம முறையிலயே முடிவு பண்ணலாமே" என்றார், சனிக்கிழமை காலை, லுத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில்.

"எதுக்கு டாக்டர்? நீங்களே பேசிடுங்க" என்றாள் டார்லீன் ப்ரூஸ்கி. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். குழுவில் சேர்ந்து ஐந்து மாதம்.

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கில்ல டார்லீன்?"

"இருக்கு. காப்பியும் ஆறிட்டு இருக்கு."

ஒருவர் மட்டும் நிற்கிற தேர்தல் தேர்தலா? டாக்டர் வற்புறுத்தி இன்னும் இரண்டு பேரை நிறுத்தினார். ஒருவன் ட்ரெவர், கணினிக்காரன், அறுபத்து நான்கு படங்கள் கொண்ட விளக்கக் காட்சி வைத்திருப்பவன். இன்னொருத்தி, காப்பி ஆறுகிறது என்று சொன்ன குற்றத்துக்காக, டார்லீன்.

பதினோரு சீட்டு. எண்ணிக்கை முழுவதும் சுவரில் பெரிதாகத் தெரியும்படி திரை. டாக்டர் தன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். தனக்குத் தானே முதலிடம் கொடுத்துக்கொள்வது அசிங்கம் இல்லையா? எல்லாரும் பார்ப்பார்களே. பாவம், டார்லீனுக்கு ஒரு வாக்குகூட விழாமல் போனால் மனசு நோகாதா? பெருந்தன்மையோடு அவள் பெயருக்கு எதிரே ஒன்று என்றும், தன் பெயருக்கு எதிரே இரண்டு என்றும் போட்டார். எங்கள் பக்கத்து மனிதர்களுக்குக் கடைசித் துண்டு கேக்கை எடுக்க வராது. தட்டில் அது காய்ந்து கல்லாகும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த வியாதிதான் டாக்டருக்கும்.

ட்ரெவர் நான்கு. டார்லீன் நான்கு. டாக்டர் மூன்று.

ட்ரெவருக்குப் போட்ட நான்கு பேரும் இரண்டாவதாக டாக்டரைத்தான் எழுதியிருந்தார்கள். டார்லீனுக்குப் போட்ட நான்கு பேரும் அப்படியே. எல்லாருக்கும் அவரைப் பிடித்திருந்தது, இரண்டாவதாக. ஆனால் இரண்டாவது விருப்பத்தை எப்போது பார்ப்பார்கள்? முதலாவது ஆள் போன பிறகு. இங்கே போகவேண்டிய ஆளே டாக்டர்தான். அவர் தன் சொந்த வாக்கைத் தனக்கே போட்டிருந்தால் டார்லீன் மூன்றோடு வெளியேறி, அந்த மூன்றும் அவருக்கு வந்து, ஏழு வாக்கில் ஜெயித்திருப்பார். இந்தக் கணக்கைத் திரையில் முதலில் கண்டுபிடித்தவரும் அவர்தான். அவர் முகம், மயக்க ஊசி போடாமல் வேர் சிகிச்சை செய்துகொண்ட முகமாயிற்று.

அவருடைய மூன்று வாக்கில் இரண்டு டார்லீனுக்குப் போனது, ஒன்று ட்ரெவருக்கு. ஆறுக்கு ஐந்து. டார்லீன் ஜெயித்தாள்.

"ஐயோ, எனக்கு வேணாம்" என்றாள் டார்லீன். "டாக்டர், நீங்களே எடுத்துக்கோங்க."

அப்படியே எடுத்துக்கொண்டிருக்கலாம். கொள்கை விட்டால்தானே.

"இல்ல டார்லீன். முடிவுன்னா முடிவு" என்றார். பிறகு, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, "ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? எங்க மூணு பேரை ரெண்டு ரெண்டு பேரா நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தா, ட்ரெவரை நான் ஏழுக்கு நாலுல ஜெயிக்கிறேன். டார்லீனையும் ஏழுக்கு நாலுல ஜெயிக்கிறேன்" என்றார்.

"அதனால?" என்றான் ட்ரெவர்.

"சும்மா சொன்னேன்."

"போன வருஷம் நம்மளை எதிர்த்து ஒரு ஆள் பத்திரிகைக்கு இதையேதான எழுதினாரு? நீங்க அவரை 'கணக்குத் தெரியாத கழுதை'ன்னு சொன்னீங்களே."

"அவர் சொன்ன தொனி வேற."

தொனி. இந்த இனத்தின் அகராதியில் அந்தச் சொல்லுக்கு 'அப்போது தோற்றது நான் இல்லை' என்று பொருள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் டாக்டர் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு வரைபடங்கள் போட்டார். மார்னி கதவைத் திறந்து பார்த்தாள்.

"யாராவது செத்துட்டாங்களா?"

"முறையில ஒரு சின்ன ஓட்டை இருக்கு மார்னி."

"ஆறு வருஷமா இல்லாத ஓட்டையா?"

"இப்பத்தான் கண்ணுக்குத் தெரியுது."

"ஆமா, தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.

செவ்வாய்க்கிழமை. மீன்பிடிப் பருவம் தொடங்கிய வாரம். இந்த முறையை எதிர்க்கிற ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேரும் தூண்டிலும் படகுமாக ஏரிக்கரைக் குடில்களுக்குப் போய்விட்டார்கள். எதிர்த்துப் பேசுகிறவர் கையெழுத்திட வேண்டிய தாள் வெறுமையாகக் கிடந்தது. ஏழில் ஐந்து உறுப்பினர்கள் ஆதரவு என்று ட்ரெவர் விரல்விட்டு எண்ணிவைத்திருந்தான். செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: டார்லீன் பேசவேண்டும், மற்றவர்கள் உட்கார்ந்திருக்கவேண்டும்.

உட்கார்ந்திருப்பது. எவ்வளவு எளிய வேலை. நாற்காலியே பாதி செய்துவிடும்.

டாக்டர் எழுத்தர் மேசைக்குப் போனார்.

"டாக்டர், இது எதிர்க்கிறவங்க தாள்" என்றாள் எழுத்தர் அம்மாள்.

"தெரியும். ஆதரிக்கிறவங்க தாள்ல இடம் இல்லையே."

"அப்போ நீங்க எதிர்க்கிறீங்களா?"

"இல்ல. நுணுக்கமா ஆதரிக்கிறேன்."

"நுணுக்கத்துக்குத் தனியாத் தாள் கிடையாது டாக்டர்."

கையெழுத்துப் போட்டார்.

முதலில் டார்லீன். "நான் ஸ்கூல் பஸ் ஓட்டறவ. எங்க வார்டுல மூணு பேர் நின்னாங்க. ரெண்டு பேர் ஒரே மாதிரி ஆளுங்க, ஓட்டைப் பிரிச்சுக்கிட்டாங்க. நூத்துக்கு முப்பத்தி நாலு பேர் கேட்ட ஆள் ஜெயிச்சாரு. அறுபத்தி ஆறு பேர் வேணாம்னது அவரைத்தான். இப்போ எங்க தெருவுக்குப் பனி தள்ற வண்டி மூணாம் நாள் வருது. ஜனவரில நாப்பது பிள்ளைங்களோட பஸ் சறுக்கிப் பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னாடி நின்னுச்சு. அந்த அறுபத்தி ஆறு பேரோட ரெண்டாவது விருப்பத்தையும் யாராவது கேட்டிருக்கலாம். அவ்வளவுதான்." நாற்பது வினாடி.

அடுத்து டாக்டர். வரைபடப் பலகையோடு.

"நான் எதிர்க்க வரலை. இந்த முறை அருமையான முறை. ஆனா நேர்மையாச் சொல்லணும்னா, இதுல ஒரு சின்ன பலவீனம் இருக்கு. எல்லாருக்கும் பொதுவாப் பிடிச்ச ஒருத்தர் முதல் சுத்துலயே வெளியேற வாய்ப்பிருக்கு."

நாற்காலியில் சாய்ந்திருந்த உறுப்பினர் ஒருவர் நிமிர்ந்தார். "எல்லாருக்கும் பொதுவாப் பிடிச்சவரா?"

"ஆமா. நிதானமானவர். அனுபவசாலி. யாருக்கும் விரோதமில்லாதவர்."

இன்னும் மூன்று பேர் நிமிர்ந்தார்கள். ஒன்றை யோசித்துப் பாருங்கள்: நகர மன்ற உறுப்பினராக இருக்கிற யார்தான், கண்ணாடியைப் பார்க்கும்போது, நிதானமான, அனுபவசாலியான, யாருக்கும் விரோதமில்லாத ஒருவரைப் பார்க்காமல் இருக்கிறார்?

"இது நிஜமா எங்கயாவது நடந்திருக்கா டாக்டர்?"

"நடந்திருக்கு."

"எங்க?"

"லுத்தரன் சர்ச்சு கீழ்த்தளத்துல."

"எப்போ?"

"போன சனிக்கிழமை."

"வெளியேறினது யாரு?"

டாக்டர் வரைபடத்தைப் பார்த்தார். "அந்த விவரம் இங்க முக்கியமில்ல" என்றார்.

பின்வரிசையிலிருந்து டார்லீன் சொன்னாள், சத்தம் போடாமல்: "அவர்தாங்க."

சிரிப்பு அடங்கிய பிறகு வாக்கெடுத்தார்கள், பழைய முறையில், கை தூக்கி. மூன்றுக்கு நான்கு. கேள்வி நவம்பர் சீட்டுக்குப் போகவில்லை. இன்னும் இரண்டு வருஷம் அதைத் தொட முடியாது.

வாகனம் நிறுத்துமிடத்தில் டாக்டர் டார்லீனைப் பிடித்துக்கொண்டார். "நான் உண்மையைத்தானே சொன்னேன்?"

"உண்மைதான் டாக்டர்" என்றாள் அவள், சாவியைத் தேடிக்கொண்டே. "ஜனவரில என் பஸ்ல வந்து உட்காந்து அந்தப் பிள்ளைங்களுக்கும் சொல்லுங்க."

டாக்டர் வரைபடப் பலகையைத் தூக்கிக்கொண்டு தன் காரைத் தேடிப் போனார்.

இப்போது அவர் புதிய குழு தொடங்கியிருக்கிறார். வேட்பாளர்களை இரண்டிரண்டு பேராக நேருக்கு நேர் நிறுத்துகிற முறை. போன வருஷம் கழுதை என்று தானே அழைத்த அந்த மனிதரை முதல் கூட்டத்துக்குச் சிறப்பு விருந்தினராக அழைத்தார். அவரும் வந்தார், பொரித்த மீன் கொண்டுவந்தார். பஞ்சு திணித்த வாய்கள் வழக்கம்போல "ஆ" என்று ஆதரிக்கின்றன.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லது. ஆனால் உங்கள் குடியிருப்போர் சங்கத்திலோ, அலுவலகத்திலோ, மாமனார் வீட்டுப் பந்தியிலோ நீங்கள் கடைசியாகத் தோற்ற ஒரு முடிவை நினைத்துப் பாருங்கள். அது எடுக்கப்பட்ட முறையில் என்ன கோளாறு என்று கேட்டால், மூச்சு விடாமல் மூன்று நிமிடம் சொல்வீர்கள், இல்லையா? சரி. நீங்கள் ஜெயித்த முடிவில் என்ன கோளாறு?

அவசரமில்லை. யோசித்துச் சொல்லுங்கள்.