கடலூர் விலையில் ஒரு டின் எண்ணெய்

கோபத்தோடு மளிகை வாங்கக் கிளம்புகிறவனை வீட்டில் உள்ளவர்கள் பிடித்துக் கட்டிப் போட வேண்டும். என்னை யாரும் கட்டிப் போடவில்லை. அந்த விஷயத்தில் என் குடும்பத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

2009 வாக்கில் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்த்தேன். குடியிருந்தது சிதம்பரத்தில். என் தங்கையின் வளைகாப்பை எங்கள் வீட்டிலேயே நடத்துவதாக முடிவாகி, தெருமுனை பாய் கடையில் மளிகைக்கு விலை கேட்டு வந்திருந்தேன். அன்று பார்த்து என் மனைவி மல்லிகாவின் தம்பி ரவி குறிஞ்சிப்பாடியிலிருந்து சாப்பிட வந்தான். (அவன் எதற்காக வந்தாலும் சாப்பிடத்தான் வந்தான் என்று அர்த்தம்.)

"துவரம்பருப்பு இந்த வெலையா மாமா? கடலூர்ல மொத்தக் கடையில இதவிட எவ்ளோ கம்மி தெரியுமா? உங்கள நல்லா ஏமாத்துறாங்க" என்றான்.

இன்னொருவன் என்னை ஏமாற்றலாம். ஏமாறுகிறேன் என்று மச்சான் சொல்லக் கூடாது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"விசேஷத்த வெச்சிக்கிட்டுப் புதுசா எதையும் ஆரம்பிக்காதீங்க" என்றாள் மல்லிகா. அதற்குள் நான் பாய் கடையில் இருந்தேன்.

"எத்தன வருசமா இப்படிக் கொள்ளையடிக்கிறீங்க?" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

பாய் பொட்டலம் மடிப்பதை நிறுத்தவில்லை. "எங்க கம்மியோ அங்க வாங்கிக்குங்க சார். சத்தம் போடாதீங்க, லேடீஸ் நிக்கிறாங்க" என்றார். இனி இந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று சபதம் செய்துவிட்டு வந்தேன். (சபதத்தையும் சத்தமாகவே செய்தேன்.)

வளைகாப்புக்கு முந்தின நாள் ரவியோடு கடலூர் முதுநகருக்குப் போனேன். பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் கொஞ்சம் குறைவுதான். அந்தக் கொஞ்சம் எங்களைப் பைத்தியமாக்கியது. பஜ்ஜிக்கு இரண்டு கிலோ கடலை மாவு போதும். விலை குறைவு என்று ஒரு சிப்பமே வாங்கினோம். எண்ணெயில் சீல் வைத்த டின் ஒரு விலை, பழைய டின்னில் ஊற்றித் தருவது அதைவிடக் குறைந்த விலை.

"சீலையா மாமா பொரிச்சித் திங்கப் போறோம்?" என்றான் ரவி. அந்த நேரத்தில் அது எனக்கு அறிவாளித்தனமாகத் தோன்றியது.

பஸ்ஸில் லக்கேஜுக்குத் தனியாக டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம் சண்டை போட்டேன். கடைசியில் அவர் கேட்டதைக் கொடுத்தேன். டின்னைப் பின் சீட்டுக்கு அடியில் தள்ளி, அதன் தலையில் புளி மூட்டையை ஏற்றினான் ரவி. செம்மங்குப்பத்துக்குச் சற்று முன்னால் ஒரு வேகத்தடை. டிரைவர் அதைக் கவனிக்கவில்லை. டின் கவனித்தது. மூடி பிதுங்கி, எண்ணெய் நடைபாதையில் ஓடி முன்படிக்கட்டு வரை போய்விட்டது.

செம்மங்குப்பத்தில் ஷிப்ட் முடிந்த கூட்டம் ஏறியது. முதலில் ஏறியவர் எங்கள் சூப்பர்வைசர். கம்பியைப் பிடிப்பதற்குள் கால் வழுக்கி, உட்கார்ந்தபடியே டிரைவர் சீட்டிலிருந்து என் காலடி வரை வந்து நின்றார்.

"உன்னுதாய்யா இது?" என்றார்.

"மச்சானோடது சார்" என்றேன். திரும்பிப் பார்த்தால் மச்சான் இல்லை. பின்படிக்கட்டு வழியாக இறங்கி, எதிரே வந்த கடலூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தான்.

"தொடைக்காம வண்டி நகராது" என்றார் கண்டக்டர். ஒரு அம்மா தன் பட்டுப்புடவை ஓரத்தைப் பிழிந்துகொண்டே என் பரம்பரையை விசாரித்தார். துடைக்கத் துணி கிடையாது. எதையாவது தூவினால் எண்ணெயை இழுத்துக்கொள்ளும் என்று யாரோ சொன்னார்கள். கோபத்தில் கடலை மாவுச் சிப்பத்தைக் கிழித்து பஸ் முழுக்கக் கொட்டினேன். யாருடைய குடத்திலிருந்தோ தண்ணீரும் சிந்த, பஸ்ஸுக்குள் பஜ்ஜி மாவு தயாரானது. வாழைக்காய் மட்டும்தான் பாக்கி. பழைய அட்டையை வைத்து முட்டி போட்டு நான் அதை வழிக்க, என் கம்பெனி ஆட்கள் சீட்டில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அந்த ஓரம் விட்டுப் போச்சிண்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் வீட்டுக்குள் நுழைந்த கோலத்தைப் பார்த்து என் தங்கை சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள். மல்லிகா சிரிக்கவில்லை. "நாளைக்கி வர்றவங்களுக்கு எதுல வடை சுடுறது? ஒங்க கோவத்துலயா?" என்று கேட்டாள். பையை எடுத்துக்கொண்டு நேராக பாய் கடைக்குப் போனாள்.

எண்ணெயும் கடலை மாவும் அதே பழைய விலையில் வந்தன. ஒரு பைசா ஏற்றியிருந்தாலாவது நான் போய்ச் சண்டை போட்டிருக்கலாம். பாய் அதற்கும் வழி வைக்கவில்லை. "சாருக்குக் கோவம் போயிடுச்சாம்மா?" என்று மட்டும் விசாரித்தாராம்.

வளைகாப்பு நன்றாகவே நடந்தது. ரவி ஒன்றும் நடக்காதது போல வந்து, முதல் பந்தியில் உட்கார்ந்து, "பஜ்ஜி சூப்பர் மாமா, எந்தக் கடை மாவு?" என்று கேட்டான். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. சூப்பர்வைசர் அந்த மாதம் முழுக்க எனக்கு நைட் ஷிப்ட் போட்டார்.

இப்போதும் வீட்டில் நான் எதற்காகக் குரலை உயர்த்தினாலும், அன்று பிறக்காதிருந்த என் தங்கை மகள்கூட அடுப்படிப் பக்கம் திரும்பி, "அத்த, மாமாவுக்குக் கோவம் ஊத்துது, கடலை மாவு எடுத்தாங்க" என்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் கோபம் வருகிறது.