பாஷாணத்தின் மஞ்சள் தங்கம்

அடுத்தவர் மருந்தைப் பிடுங்கி அமிலத்தில் கரைத்துப் பார்த்த மனிதர் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே ஒருவர்தான். எதைப் பார்த்தாலும் "பாஷாணமுங்க, தின்னாதீங்க" என்பார். அதுவே அவர் பெயராகிவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சூலூர்ப் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் நான் குமாஸ்தா. பாஷாணம் அங்கே ஃபவுண்டரி லேப் கெமிஸ்ட். இரும்பில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கத்தான் சம்பளம். அவரோ எங்கள் வயிற்றுக்குள் என்ன போகிறது என்பதிலேயே குறியாக இருந்தார். டீ நேரத்தில் யாராவது பொட்டலம் பிரித்தால் போதும், "ஏனுங்க, ஒரு சிட்டிகை குடுங்க" என்று பின்னால் குரல் வரும். வெல்டர் ஒருவர் பழனி விபூதியையே பறிகொடுத்தார். நான் என் வாய்வுச் சூரணத்தைக் கக்கூசுக்குள் நின்று தின்றேன்.

எங்கள் முதலாளிக்கு அறுபது வயது. எங்கிருந்தோ வந்த வைத்தியர் ஒருவர், இளமை திரும்பும் என்று தங்கச் செந்தூரம் கொடுத்திருந்தார். இரண்டு வேளையும் தேனில் குழைத்து நக்குவார். பாஷாணம் அதிலும் ஒரு சிட்டிகை வாங்கிவிட்டார். அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, ஏதோ ரசாயனத்தை விட்டார். கண்ணாடிக் குழாய்க்குள் பளபளவென்று மஞ்சள் இறங்கியது.

"பாத்தீங்களா, தங்கம்!" என்று முதலாளி கைதட்டினார்.

"தங்கமில்லீங்க, ஈயமுங்க. விஷமுங்க."

அன்றோடு பாஷாணத்துக்கு வேலை போனது.

பத்தே நாளில் முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் விழுந்தார். குடல்வால்தான், நாளைக்கே ஆபரேஷன் என்றார்கள். விஷயம் தெரிந்து பாஷாணம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார், கையில் அந்தக் குழாயோடு. மொபெட்டில் ஏற்றிப் போனேன். டாக்டர் முதலில் சிரித்தார். அப்புறம் முதலாளியின் வாயைத் திறந்து பார்த்தார். ஈறில் கருநீலமாக ஒரு கோடு, ஈயம் தின்றவர்களுக்கு விழுவது. சிரிப்பு நின்றது. ரத்தத்தைப் பரிசோதித்தார்கள், ஈயம்தான். ஆபரேஷனும் நின்றது.

திரும்பும்போது, "வேலைய உட்டுத் தொரத்துன மனுசனுக்காவ எதுக்குங்கண்ணா இத்தன பாடு?" என்றேன்.

"எங்கப்பாரு வைத்தியருங்க. பாதரசம், காரீயம், வீரபாஷாணம் எல்லாத்தையும் புடம் போட்டா விஷம் போயிருமின்னு ஏட்டுல இருக்குதுன்னு நம்புனாரு. நம்புனதால மொதல்ல அவரே தின்னாரு. கடைசில சோத்த வாய்க்குக் கொண்டுபோகக் கை நிக்கலீங்க. நாந்தான் ஊட்டி உட்டேன்."



தேறி வந்த முதலாளி அவரை வீட்டுக்கே கூப்பிட்டனுப்பினார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பீரோவைத் திறந்து விட்டார். உள்ளே பதினான்கு மருந்துச் சீசா. "இதையுங் கொஞ்சம் பாத்துப்போடுங்க. நாளைக்கு வேலைக்கு வந்துருங்க."

அந்த மழைக்காலத்தில் பாஷாணத்துக்குக் காய்ச்சல். கருமத்தம்பட்டியில் தனியாகக் கிடந்தார். என் மனைவி கொடுத்தனுப்பிய தூக்குப்போசியோடு போனேன்.

"என்னங்க அது?"

"ரசமுங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். வைத்தியர் வீட்டில் ரசம் என்றால் பாதரசம் அல்லவா!

அவர் போசியை வாங்கினார். மோந்துகூடப் பார்க்காமல் குடித்தார்.

"டெஸ்ட் பண்ணலீங்களாண்ணா?"

"நீங்க கொண்டாந்ததுங்களே" என்றார்.

இன்னொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன்.