முதல் கரண்டி

இந்தத் தடவை பெண்டாட்டி பேச்சைக் கேட்பதில்லை என்று ராப்சன் லுஹங்கா முடிவெடுத்தபோது, முசுசுவிலிருந்து கிளம்பிய மினிபஸ் மலையிறக்கத்தில் ஒரு வளைவு திரும்பியது. மரங்களுக்கு நடுவே ஏரி தெரிந்தது. மறுகரை தெரியாத ஏரி. அதைப் பார்த்தால் எந்த மனிதனுக்கும் கொஞ்சம் வீரம் வரும். ராப்சனுக்கும் வந்தது. வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் மனைவி நியாசோகோ உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒரு கூடை உட்கார்ந்திருந்தது.

கூடையில் அவித்த முட்டை, தோலோடு வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஓடு உடைக்காத வேர்க்கடலை, வாழைப்பழம்.

"எல்லாம் தோல் இருக்கறதாப் பார்த்து எடுத்திருக்கேன்" என்றாள். "கிருமி வந்தாலும் தோலோட நின்னுரும். உரிச்சுப் போட்டா தீர்ந்துச்சு."

"அங்க மூணு வேளையும் சாப்பாடு இருக்கு. உன் பொண்ணு பணம் கட்டியிருக்கா."

"தெம்வா கட்டினது ரூமுக்கு."

"ரெண்டு பேருக்குச் சாப்பாட்டோடன்னு சீட்டுல தெளிவாப் போட்டிருக்கு."

"சீட்டுல போட்டவன், உங்களுக்கு வயித்தால போனா பக்கத்துல வந்து உட்காருவானா?"

ராப்சன் ஏரியைப் பார்க்கத் தொடங்கினார். காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் ம்சிம்பாவில் ஒரு கல்யாணம். வரிசையில் நின்று தானே எடுத்துப் போட்டுச் சாப்பிடும் விருந்து. ராப்சன் அந்த வரிசையில் திரும்பத் திரும்பப் போய் நின்றார். கல்யாணப் பெண் புகுந்த வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் இவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். நியாசோகோ கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, அவர் காலைப் பிடித்துக்கொண்டே அழுதாள். அவள் அழுது அவர் பார்த்தது அன்று ஒரு நாள்தான். அதனால் அவள் கிருமிப் புராணம் பாடும்போதெல்லாம் அவருக்குக் கோபம் பாதி வரும், மீதி வராது. அந்த வராத பாதியால்தான் இரண்டு வருஷமாக முட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

சிந்தேச்சே கடற்கரை என்றே எல்லோரும் சொல்லும் ஏரிக்கரையில் அந்த ஹோட்டல் இருந்தது. கோரைப்புல் கூரை போட்ட சாப்பாட்டுக்கூடம், சுவரே கிடையாது. ஏரிக்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் மீன் வாசனையோடு வெளியேறியது. நீளமான மேசையில் மூடி போட்ட பாத்திரங்கள். முதல் நாள் மாலை, புருஷனும் மனைவியும் ஓரத்து மேசையில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்தார்கள். நியாசோகோ நேர்முக வர்ணனை செய்தாள்.

"அதோ அந்தத் தொப்பிக்காரரைப் பாருங்க. மூக்கைத் தேய்ச்சாரா? இப்ப எந்தக் கரண்டிய எடுக்கறார்?"

"எது?"

"சாம்போ மீன் கரண்டி."

"ஐயோ."

"அந்தக் குழந்தை? கரண்டிய நக்கிட்டுத் திரும்பக் குழம்புலயே போட்டுருச்சு. அவங்கம்மா சிரிக்கறா. அந்தக் கரண்டிக்குக் கைப்பிடி ஒண்ணு. அதைப் பிடிக்கற கை எத்தனை? ஒவ்வொரு கையும் எங்கெங்க போயிட்டு வந்ததுன்னு யாருக்குத் தெரியும்?"

ராப்சனுக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை. தொப்பிக்காரர் தட்டில் கிடந்த சாம்போ மீனையே அவர் கண் பின்தொடர்ந்தது. முழு மீன். மொறுமொறுவென்று பொரித்து, மேலே தக்காளியும் வெங்காயமும் போட்டது. பக்கத்தில் வெள்ளை வெளேரென்று மக்காச்சோள சீமாக் களி, வேர்க்கடலைப் பொடியில் வெந்த கீரை. தொப்பிக்காரர் மீன் தலையைப் பிய்த்தபோது ராப்சன் கையிலிருந்த கடலை தானாக உடைந்தது.

மறுநாள் காலை காற்று மெத்தென்று வீசியது. மாமர நிழலில் பாய் போட்டுப் படுத்தவருக்கு, அலை வந்து போகிற சத்தத்தில் கண் எப்போது மூடியது என்றே தெரியவில்லை. ஏரி முழுக்க ஒரு பெரிய எவர்சில்வர் தட்டாகிவிட்டது. அதன்மேல் அவர் செருப்பில்லாமல் நடந்து போகிறார். கால் நனையவில்லை. சுற்றிலும் சாம்போ மீன்கள் பொரித்தபடியே நீந்துகின்றன, தக்காளியைக் குடைபோல் பிடித்துக்கொண்டு. ஒரு மீன் மட்டும் நின்று அவரை ஏறிட்டுப் பார்த்தது.

"நேத்து ஏன் சார் என்னை எடுக்கலை?" என்று கேட்டது.

"கரண்டி சரியில்லைன்னாங்க."

"கரண்டியை யாரும் தொடறதுக்கு முன்னாடி வந்திருக்கலாமே" என்றது மீன், மரியாதையாக.

ராப்சன் எழுந்து உட்கார்ந்தார். இரண்டு வருஷமாக மூளைக்கு எட்டாத விஷயம், பொரித்த மீனுக்கு எட்டியிருக்கிறது! அவசரப்படவில்லை. முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, கூடையருகே இருந்த மனைவியிடம் போனார்.

"நியாசோகோ, இந்த முட்டையப் பத்தித்தான் யோசனையா இருக்கு."

"முட்டைக்கு என்ன?"

"மினிபஸ்ல பின் சீட்டுக்காரன் கோழி வச்சிருந்தானே, நம்ம கூடைமேல இருமிட்டே வந்தது."

"கோழியா, ஆளா?"

"ரெண்டும்."

அவள் முட்டையை எடுத்து முகர்ந்தாள். ராப்சன் விடவில்லை.

"உனக்காகத்தான் கேக்கறேன். கிருமி எதுல ஏறுது?"

"கரண்டியில."

"எப்ப ஏறுது?"

"ஆளுங்க தொடும்போது."

"அப்ப ஒருத்தரும் தொடாத கரண்டி?"

நியாசோகோ முட்டையைக் கூடையில் திரும்ப வைத்தாள்.

"மதியம் மூடியத் திறக்கற நிமிஷம் முதல் ஆளா நான் நின்னா, அது கிருமியே கண்ணால பார்க்காத கரண்டி. மீனும் அடுப்புலருந்து நேரா வந்த மீன். அந்தச் சூட்டுல கிருமி எப்படி உயிரோட இருக்கும்? முதல் தட்டுல ஒரு கிருமி கூடக் கிடையாது. நான் சத்தியமே பண்ணுவேன்."

"சத்தியமா?"

"தெம்வா மேல சத்தியமா."

நியாசோகோ அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு பிரியம் தெரிந்தது. ராப்சனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"கல்யாணம் ஆனதுலருந்து நீங்க யோசிச்சுப் பேசி இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்றாள். "சரி, நல்லாப் போட்டுட்டு வாங்க. மீனு, சீமா, கீரை எல்லாம். முதல் தட்டு, குறை வைக்காதீங்க. நான் மேசையப் பிடிச்சு வைக்கறேன்."

சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு தண்ணீர்ப்பக்கம் நடந்தாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். யாருடனோ சிரித்துச் சிரித்துப் பேசினாள். ராப்சன் அதைக் கவனிக்கவில்லை. அவர் அந்நேரம் முழங்கைவரை சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

மணி அடிப்பதற்கு வெகுமுன்பே வரிசையின் தலையில் நின்றார். பின்னால் தொப்பிக்காரர் வந்து நின்றார். ராப்சன் திரும்பி அவர் மூக்கைப் பரிதாபமாகப் பார்த்தார். பரிமாறும் இளைஞன் மூடியைத் திறந்தான். ஆவி மேலே எழுந்து ராப்சன் முகத்தைத் தடவியது. ஒரு கணம் அவருக்குக் கூடமும் தெரியவில்லை, ஏரியும் தெரியவில்லை. காலையில் கண்ட கனவுக்குள்ளேயே தட்டோடு நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. கழுவித் துடைத்த கரண்டி பளபளத்தது. இருந்ததிலேயே பெரிய மீனை எடுத்தார். சீமா, கீரை. கீரைக்குமேல் இன்னும் கொஞ்சம் கீரை.

"சார், தட்டு தாங்குமா?" என்றான் இளைஞன்.

"தாங்கும் தம்பி. ரெண்டு வருஷம் நான் தாங்கலையா?"

இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து, மிதந்தபடி நடந்தார். நியாசோகோ கூடத்தின் நடு மேசையைப் பிடித்திருந்தாள். அங்கே உட்கார்ந்தால் எல்லா மேசையும் தெரியும். ராப்சனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில், இடுப்பில் புதுத் துணி சுற்றி, தலைக்குட்டை கட்டி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் அவருடைய மாமியார்.

கால் நின்றுவிட்டது. மாமியார் ஊர் இங்கிருந்து இரண்டே திருப்பம்தான். அதை அவர் எப்படி மறந்தார்? அவர்கள் வழக்கப்படி, மாமியார் எதிரே வந்தால் மருமகன் பாதையை விட்டு இறங்கி நிற்க வேண்டும். முகம் பார்த்துப் பேசக் கூடாது. அவர் கண்ணெதிரே வாயைத் திறந்து மென்று விழுங்குவதோ நினைத்தும் பார்க்க முடியாத காரியம். அப்படி ஒருவன் செய்தான் என்றால் லுஹங்கா குலமே தலைகுனிய வேண்டியதுதான்.

"அம்மா வந்திருக்காங்க" என்றாள் நியாசோகோ, அவருக்குக் கண் தெரியாதது மாதிரி. "கும்பிடுங்க."

கும்பிடுவது என்றால் முட்டிபோட்டு, இரண்டு உள்ளங்கையையும் குவித்துத் தட்ட வேண்டும். இரண்டு கையிலும் தட்டு. ராப்சன் தவித்தார்.

"என்ன இப்படி நிக்கறீங்க? தட்டை எங்கிட்டக் குடுங்க."

கொடுத்தார். வேறு வழி? முட்டிபோட்டார், தலையைக் குனிந்தார், கையைக் குவித்துத் தட்டினார். தலை நிமிர்ந்தபோது தட்டு மாமியார் முன்னால் இருந்தது. மாமியார் கையில் சாம்போ மீனின் தலை இருந்தது.

ராப்சன் நகர்ந்து நகர்ந்து மனைவி காதருகே போனார்.

"நியாசோகோ! கிருமி?"

"முதல் தட்டுல ஒண்ணு கூட இல்லைன்னு நீங்கதானே தெம்வா மேல சத்தியம் பண்ணீங்க? அதை நம்பித்தான் எங்கம்மாவுக்கே குடுத்தேன். நானும் இந்த ஓரத்துலருந்து ரெண்டு வாய் எடுத்துக்கறேன்." எடுத்துக்கொண்டாள். கண்ணை மூடி மென்றாள். "ரெண்டு வருஷமா எனக்கும் ஆசைதாங்க."

"அப்ப நான்?"

"உங்க வயிறு வம்பு வயிறு. எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் பண்ணாது. சீட்டுலயும் ரெண்டு பேருக்குன்னுதானே போட்டிருக்கு?"

"ராத்திரியாவது..."

"அம்மா நாளைக்கு நம்மகூடத்தான் கிளம்பறாங்க."

ராப்சன் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். தூண் மெலிந்த தூண். மாமியாரின் பார்வை அதன் இருபுறமும் வந்தது. அந்த அம்மாள் மருமகனோடு நேரில் பேசுபவரல்ல. மகளிடம் திரும்பி, கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"மருமகன் சாப்பிட்டாரான்னு கேளு."

"சாப்பிட்டீங்களான்னு கேக்கறாங்க."

இதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. மரியாதை தெரிந்த மருமகன் வேறு எதையும் சொன்னதாக வரலாறே கிடையாது.

"வயிறு நிறைஞ்சிருக்குன்னு சொல்லு" என்றார் ராப்சன். அவர் வயிறு அதை மறுத்துக் கத்தியது. அலைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மாமியார் மகளிடம் என்னவோ சொன்னார். நியாசோகோ தலையாட்டிவிட்டுத் தூணைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு இன்னொரு மீன் வேணுமாம், நீங்கதான் சும்மா நிக்கறீங்களே. மறக்காம சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டு எடுங்க, பத்துப் பேர் தொடற கரண்டி!"