அக்கினிக்கட்டுத் தகடு

2007 ஆவணியில், சிவகாசிப் பக்கத்துத் தாயில்பட்டியில் நெருப்புக்கு லீவு விட்டிருந்தது. விட்டவர் அக்கினிக்கட்டுச் சாமியார். எந்த ஊர்க்காரர் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் அப்புறம் அவர் என்ன சாமியார்? கல்யாண மண்டபத்துக்கு முன்னால் பந்தல் போட்டு, பத்து நாளாகச் செப்புத் தகடு அருளிக்கொண்டிருந்தார். அருளுக்கு விலை ஆயிரத்து ஐந்நூறு. வாசற்படியில் புதைத்தால் ஒரு வருடத்துக்கு அந்த வீட்டைத் தீ தீண்டாது. அடுத்த வருடம் மறுபடியும் காசு கட்டிப் புதுப்பிக்க வேண்டும். தெய்வ சக்திக்கும் காலாவதித் தேதி உண்டு என்பதை ஊர் அன்றுதான் தெரிந்துகொண்டது.

வரிசையில் வியர்வை வழிய நின்றார் பலசரக்குக் கடை கனகசபாபதி. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு வீடு கட்டியிருந்தார். அதற்கு இன்சூரன்சும் எடுத்து ஆறு வருடமாகக் கட்டி வந்தார். போன வருடம் இரண்டாயிரம் இருந்த பிரீமியம் இந்த வருடம் ஐயாயிரத்து இருநூறு. வீட்டில் ஒரு செங்கல்கூடக் கூடவில்லை. "சுத்துவட்டாரத்துல அடிக்கடி வெடி விபத்து நடக்குது, உங்க ஊருக்கே ரேட் ஏத்தியாச்சு" என்று சிவகாசி ஆபீசில் சொல்லிவிட்டார்கள். பழைய பாலிசி அன்று சாயங்காலம் ஐந்து மணியோடு முடிகிறது. பணம் சட்டைப்பையில் இருந்தது. ஆபீசுக்குப் போகக் கிளம்பிய கால் பந்தலுக்கு வந்துவிட்டது.

"யோசிக்காதீக அண்ணாச்சி" என்றார் முன்னால் நின்ற பக்கத்து வீட்டு முனியசாமி. "நான் போன வாரமே இன்சூரன்ஸ விட்டுட்டுத் தகடு வாங்கிட்டேன். இப்ப மாட்டுத் தொழுவுக்கு ஒண்ணு வாங்க வந்திருக்கேன்."

"இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகலையே. அதேன் தகட்டோட மகிமை."

தகடு இல்லாத ஆறு வருடமும் தன் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது கனகசபாபதிக்குத் தோன்றவில்லை. வரிசையில் நிற்கும்போது அப்படியெல்லாம் தோன்றாது.

சாமியார் சோதனை காட்டும் நேரம் வந்தது. மேடையில் ஓர் அட்டை வீடு. அதற்குள் ஓர் அணுகுண்டு வெடி. வெடியிலிருந்து இரண்டு முழத் திரி வெளியே நீண்டு கிடந்தது. சாமியார் அட்டை வீட்டின் வாசலில், திரிக்கு அடியில் தகட்டைச் செருகி, கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துத் திரியைப் பற்றவைத்தார். நெருப்பு சரசரவென்று ஓடி வந்தது. தகட்டைத் தொட்டதும் புஸ்ஸென்று செத்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இது வேறு ஊராக இருந்தால் மன்னிக்கலாம். தாயில்பட்டியில் வீட்டுக்கு ஒருவர் பட்டாசுக் கம்பெனியில் நூலில் மருந்து பூசித் திரி போடுகிறவர். மருந்து சரியாகப் படாத திரி பாதியில் செத்துப்போகும் என்பது இங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். கம்பெனியில் நாலு திரி செத்தால் கூலியில் வெட்டு விழும். அதே திரி மேடையில் சூடம் சாம்பிராணியோடு செத்தால் கும்பிடு விழுகிறது.

கனகசபாபதியின் முறை வந்தது. தாம்பாளத்தில் பணத்தை வைத்தார். சாமியார் தகட்டை எடுத்தார்.

"சாமி, ஒரு நிமிசம்."

குரல் பேச்சியம்மாளுடையது. இருபது வருடமாகத் திரி போட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துப்போன பொம்பளை. கையில் ஒரு துண்டுத் திரியோடு மேடை ஏறினாள்.

"நேத்தும் பாத்தேன், முந்தாநேத்தும் பாத்தேன். நெருப்பு தெனமும் ஒரே எடத்துலயே சாகுது. இது நான் போட்ட திரி. இத வச்சு ஒருக்க காட்டுங்க."

சாமியார் சிரித்தார். ஆனால் கூட்டம் "காட்டட்டுமே, என்ன?" என்றது. பக்தர்களுக்கும் இன்னொரு தடவை வேடிக்கை பார்க்க ஆசைதான். பேச்சியம்மாளே திரியை மாட்டி, தகட்டை அதே வாசலில் செருகிப் பற்றவைத்தாள். நெருப்பு தகட்டின்மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, வீட்டுக்குள் போனது. அடுத்த நொடி அட்டை வீடு மேற்கூரையோடு பந்தலுக்குப் பறந்தது. சாமியார் அதற்கு முன்பே மேடைக்குப் பின்னால் குதித்திருந்தார். அக்கினியைக் கட்டியவரின் வேட்டியை அக்கினி தொடாமல் போனது அந்த வேகத்தால்தான்.

"நம்பிக்கை இல்லாதவள் தொட்டாள்" என்று எழுந்து உறுமினார். "சக்தி விலகிவிட்டது."

"சரி சாமி, நான் தொடல. தகடும் வேண்டாம். உங்க திரிய, உங்க கையாலயே, வெறும் தரையில போட்டுக் கொளுத்துங்க."

சாமியார் பூஜைக்கு நேரமாகிவிட்டது என்று வேனைப் பார்த்து நகர்ந்தார். முனியசாமியே குறுக்கே போய் நின்றுவிட்டார். இரண்டு தகட்டுக்குக் காசு கொடுத்த கோபம் அவருக்கு. வேறு வழியில்லாமல் சாமியார் தன் திரியைத் தரையில் போட்டுக் கொளுத்தினார். தகடும் இல்லை, மந்திரமும் இல்லை. நெருப்பு ஓடி வந்து, பழைய இடத்திலேயே புஸ்ஸென்று செத்தது.

பேச்சியம்மாள் அந்த இடத்தில் திரியைப் பிரித்துக் காட்டினாள். மருந்தே இல்லை. ஒரு விரல்கடை நீளத்துக்கு வெறும் நூலில் கறுப்புச் சாயம்.

"எங்க மேஸ்திரி இத மூஞ்சில விட்டெறிவாரு" என்றாள். "நீங்க என்னான்னா விழுந்து கும்பிடுறீக."

அதன்பிறகு நடந்ததை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தாம்பாளத்திலிருந்து கனகசபாபதி தன் பணத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினார். மணி இரண்டரை. பேச்சியம்மாளும் அங்கே வந்து நின்றாள்.

"நல்லவேள, தப்பிச்சேன்" என்றார். "இப்பவே போயி இன்சூரன்ஸக் கட்டிட்டா இனி பயமில்ல."

"இன்சூரன்ஸ் பாரத்துல, வீட்டுல வெடிச் சரக்கு இருக்கான்னு கேட்டிருப்பாகளே. என்ன எழுதுனீக?"

"இல்லைன்னு."

"உங்க பின்கட்டு ரூம்ல தீவாளி சீசன் சரக்கு நாப்பது பெட்டி கெடக்கு. லேபிள் ஒட்டுனது நாந்தேன்."

கனகசபாபதிக்கு முகம் சுண்டிவிட்டது. "வாடகை வருதுன்னு பட்டாசு ஏஜெண்டுக்கு விட்டேன். ஊருல எல்லாரும்தேன வச்சிருக்காக?"

"அதேன் ஊருக்கே ரேட்டு ஏறுது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் அந்தப் பாரத்தத்தேன் எடுத்து நீட்டுவான். சல்லிக்காசு தரமாட்டான். சாமியாரு குடுத்தது செப்புத் தகடு. நீங்க வாங்கப்போறது காயிதத் தகடு."

சிவகாசி பஸ் வந்தது. அவள் ஏறினாள். அவர் ஏறவில்லை. பஸ் போனபிறகு செல்லை எடுத்து ஏஜெண்டைக் கூப்பிட்டார். "லோடு ஆட்டோவ உடனே அனுப்புங்க. பெட்டி அம்புட்டையும் லைசென்ஸ் உள்ள குடோனுக்கு ஏத்துங்க. வாடகை வேண்டாம். ஆமா, இப்பவே." கடைசிப் பெட்டி போன பிறகுதான் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். ஆபீசின் ஷட்டர் பாதி இறங்கியபோது குனிந்து நுழைந்து ஐயாயிரத்து இருநூறையும் கட்டினார். வயிறு எரிந்தது. ஆனால் பாரத்தில் "இல்லை" என்று எழுதியது ஏழாவது வருடத்தில்தான் உண்மையானது.

அந்தத் தெருவில் மற்ற வீடுகளில் பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. வாங்கியது வாங்கியாச்சு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாசற்படியில் தகடும் இருக்கிறது. நெருப்புக்கு எழுத்துத் தெரியாது. தகட்டில் எழுதியதையும் அது படிக்காது, பாரத்தில் எழுதிய பொய்யையும் படிக்காது. படிக்கத் தெரிந்த ஜென்மங்களே, உங்களைத்தான் கேட்கிறேன்: பின்கட்டு அறையில் என்ன வைத்திருக்கிறீர்கள்?