மேல்வரி நம்பரும் கீழ்வரி நம்பரும்

சிம்பாங் பூலாய்,
செவ்வாய்க்கிழமை மாலை.

அன்பு மச்சான் ரூபனுக்கு,

பத்துமலை எழுதுவது. நானும் உன் அக்கா மங்களமும் பிள்ளைகளும் முருகன் புண்ணியத்தில் சுகம். தஞ்சோங் மாலிமில் நீயும் வீட்டாரும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

லோரி ஓட்டுவதை விட்டு இந்தக் காய்கறிக் கம்பெனி ஆபீசில் நான் உட்கார்ந்தது உனக்குத் தெரியும். கேமரன் மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு லோரிக்கும் கம்ப்யூட்டர் சீட்டு அடித்துக் கொடுத்தால்தான் பாசாரில் சரக்கை இறக்க விடுவார்கள். சீட்டு அடிக்கும் புரோகிராம் எங்கோ வெளியூரில், கன்டெய்னர் கூட்டம் ஒன்றில் ஓடுகிறது. கன்டெய்னர் என்றதும் நான் கிள்ளான் துறைமுகத்தை நினைத்தேன், அது இல்லையாம், புரோகிராமை அடைத்து ஓட்டும் கண்ணுக்குத் தெரியாத டப்பாக்களாம். அதைக் கட்டி மேய்ப்பவள் அனுஜா என்ற கெட்டிக்காரப் பெண். இன்று காலை அவள் ஈப்போவில் பல் பிடுங்கப் போயிருந்த நேரம் பார்த்துச் சீட்டு நின்றுவிட்டது. வாசலில் நான்கு லோரி. டிரைவர் தர்மா ஹாரனை விடாமல் அடித்து, "அண்ணே, சாயோர் எல்லாம் வாடிப்போவுது லா!" என்று கத்துகிறான்.

அனுஜாவுக்கு வாய் மரத்துக் கிடந்ததால் பேச்சில்லை, மெசேஜ்தான். அவள் அனுப்பிய கட்டளையை அவள் மேசைக் கம்ப்யூட்டரில் எழுத்தெழுத்தாகத் தட்டினேன். ஏற்கவில்லை. "வெர்ஷன் கேட்டுப் பாருங்க அண்ணே, செர்வர் நம்பர் என்ன?" என்று எழுதினாள். கேட்டேன். மூன்று வரி வந்தது. மேலே இருப்பவர்தானே பெரியவர் என்று முதல் வரியை அனுப்பினேன்: 1.32. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. அவளுக்குத் தெரிந்த செர்வர் 1.28! சொல்லாமல் கொள்ளாமல் மாற்றிவிட்டார்கள் என்று செர்வரை வாடகைக்கு விட்டவர்களோடு ஒன்றரை மணி நேரம் மெசேஜிலேயே மல்லுக்கு நின்றாள். அவர்கள் பாவம், நாங்கள் தொடவே இல்லை என்று சத்தியம் பண்ணினார்கள்.

கடைசியில் வீங்கிய கன்னமும் வாயில் பஞ்சுமாக அவளே வந்துவிட்டாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அம்மே, இது ம்ளையம்ட்!" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முட்டைக்கோஸ் பெட்டி மூடியைக் கிழித்து எழுதிக் காட்டினாள்: "மேல்வரி கிளையண்ட். நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கிற, கட்டளை அனுப்புற கருவி. கடைசி வரிதான் செர்வர். அங்க நின்னு வேலை பாக்குறது. ரெண்டுக்கும் ஒரு படி முன்னப் பின்ன இருக்கலாம். நாலு படி இருந்தா எப்ப மக்கர் பண்ணும்னு சொல்ல முடியாது. இதுல யாரு 1.32 போட்டது?"

மச்சான், போடச் சொன்னது நான்தான். போன வாரம் அவள் லீவில் இருந்தபோது அவள் மேசைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. கொண்டுவந்தவன் எந்த வெர்ஷன் என்று கேட்க, "புதுசாவே போடு லா, பழச வெச்சு என்ன செய்ய?" என்று பெருமையாகச் சொன்னேன்.

அவள் 1.28 கருவியைப் போட்டுக் கட்டளையைத் தட்டினாள். பத்தே நிமிடத்தில் சீட்டு வந்தது. முட்டைக்கோஸ் பிழைத்தது. சாலட் கீரையில் பாதி குப்பைக்குப் போனது. முதலாளி வந்து காரணம் கேட்டபோது அனுஜா பஞ்சைக் காட்டி வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பிள்ளை என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று புரிந்ததும் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. "நான்தான் பாஸ்" என்று ஒப்புக்கொண்டேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "நாளைக்கு ஒம்பது மணிக்கு ரூமுக்கு வாங்க" என்றார். திட்டியிருந்தால் இரவு தூக்கமாவது வரும்.

ஆகவே மச்சான், உங்கள் கார் தொழிற்சாலையில் லோரி டிரைவர் வேலை இருக்கிறதா என்று உடனே விசாரி. ஸ்டியரிங்குக்கு மேல்வரி கீழ்வரி கிடையாது. மங்களத்திடம் மூச்சு விடாதே. வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
பத்துமலை

பி.கு. (புதன், மத்தியானம்): ரூமுக்குப் போய் வந்தேன். இனி அந்தக் கம்ப்யூட்டரில் எவன் எதைப் போட்டாலும் இரண்டு நம்பரையும் பார்த்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பு எனக்காம். "இந்த ஆபீஸ்ல அந்த வித்தியாசம் தெரிஞ்ச ஆளு அனுஜாவுக்கு அப்புறம் நீங்கதான்" என்கிறார். வேலை விசாரிக்காதே. விசாரித்துவிட்டாய் என்றால், ஆளுக்குக் கண் தெரியாது என்று சொல்லிவிடு. மங்களத்திடம் தாராளமாகச் சொல், கீரையை மட்டும் விட்டுவிட்டு.